நல்ல சாப்பாடும் ஒத்துக்காத வவுறும்

கோயம்புத்தூரிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ் ஏறும் முன் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அவிநாசியில் எந்த பேக்கரிக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது, பெருந்துறையில் வண்டி எத்தனை நிமிஷம் நிற்கும், கண்டக்டரிடம் வாய்விட்டுக் கேட்கலாமா கூடாதா என்று. அந்த வழியில் எங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும், எங்கே இருக்காது என்பதுவரை மனப்பாடம் செய்தவர்களில் நானும் ஒருவன். டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்த பேர் ஐ.பி.எஸ். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மிச்சி கேட்டார்: "போலீசு உத்தியோகத்துக்கா கண்ணு எழுதிப் போட்டிருந்தே?"

போலீசு இல்லை, 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்' என்பதன் சுருக்கம். தமிழில் இதை எரிச்சல் குடல் நோய் என்கிறார்கள். எரிச்சல் என்றதும் நெஞ்சுக்குழியில் எரிவதாக நினைத்துவிட வேண்டாம், அது வேறு சங்கதி. இது குடலின் சிடுசிடுப்பு. வயிற்றை இழுத்துப் பிடிக்கிற வலி, வெளிக்குப் போனால் கொஞ்சம் தணிவு, சிலருக்குக் கழிச்சல், சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி, பெரும்பாலோருக்கு உப்பசம். இந்த நோயைக் கண்டறிய டாக்டர்கள் வைத்திருக்கும், 2016-இல் வெளியான 'ரோம் 4' வரையறைப்படி, கடந்த 3 மாதங்களில் வாரத்துக்கு 1 நாளாவது வலி இருக்க வேண்டும். வெளிக்குப் போவதோடு தொடர்பு, போகிற தடவைகளில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது அந்த வலியோடு சேர்ந்திருக்க வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவைக்குக் குறைந்தால் மலச்சிக்கல் என்று மேல்நாட்டில் வைத்திருக்கும் அளவு நம் ஊருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தினம் ஒரு தடவை, இரண்டு தடவை போய்ப் பழகியவருக்கு ஒருநாள் தவறினாலே வயிறு கல்லு மாதிரிதான்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாது, ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருக்கும். அதனால்தான் "எல்லாம் மனசு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். குடல் சுவரில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. அந்த வலைப்பின்னலும் மூளையும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். ஐ.பி.எஸ். உள்ளவரிடம் அந்தப் பேச்சு சத்தமாகிவிடுகிறது. மற்றவருக்கு உறைக்காத காற்று இவருக்கு வலியாகத் தெரிகிறது. கடுமையான வயிற்றுப்போக்கு ஒன்று வந்துபோனபின் இது தொற்றிக்கொள்வதும் உண்டு. கனடாவில் வாக்கர்டன் என்ற ஊரில் 2000-ஆம் ஆண்டு குடிநீரில் கிருமி கலந்து ஊரே படுத்தது. அந்த மக்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்துத்தான் இந்த விஷயத்தை உறுதிப்படுத்தினார்கள்.

உணவுக்குப் போகுமுன் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்புகிற கழிச்சல், 45–50 வயதுக்குமேல் புதிதாக ஆரம்பிப்பது, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். குடல் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது, இதே வேஷத்தில் வரும். தொக்கம் எடுக்கிறவரிடம் போய் ஆறு மாதத்தைக் கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கம்பு மேல் போட்ட பழி

வெயில் காலத்தில் கம்மங்கூழ் குடித்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கம்பு எனக்கு ஆகறதில்லீங்க. வவுறு ஊதிப்போயிருது." கூழோடு என்ன தொட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். வேறென்ன, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. பழைய சோற்றுக்கும் அதே கைப்பிடிதான். என் கணிப்பில், அவருடைய கம்பு நிரபராதி.

வெங்காயத்திலும் பூண்டிலும் கோதுமையிலும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. மனிதக் குடலில் அதை உடைக்க நொதி கிடையாது, யாருக்குமே கிடையாது. உடையாமல் பெருங்குடலுக்குப் போனதும் அங்கிருக்கும் கிருமிகள் அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்குகின்றன. தண்ணீரையும் உள்ளே இழுக்கிறது. சாதாரண வயிறு கொஞ்சம் காற்றோடு விட்டுவிடும், சிடுசிடுக்கிற வயிறு விடாது. பருப்பு, பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று இதே மாதிரி வேறு சர்க்கரைகள். பாலில் லாக்டோஸ். மாம்பழத்தில் அளவுக்கு மிஞ்சிய ஃபிரக்டோஸ். காளானிலும் காலிஃபிளவரிலும் மானிட்டால். இந்தக் கூட்டத்துக்கு ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005-இல் வைத்த பெயர்தான் ஃபாட்மேப். இவற்றைக் குறைத்துச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் நிம்மதி அடைகிறார்கள் என்பது இன்றைய நிலவரம்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சமையலறைக்குள் போனால் தலை சுற்றும். பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் விளைகிற மண் இது. இங்கே வெங்காயம் தாளிப்புக்கு மட்டுமா? பள்ளிபாளையம் சிக்கனில் கறிக்குச் சமமாகக் கிடக்கும். அரிசிம்பருப்புச் சாதத்தில் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு மூன்றும் ஒரே சட்டியில் இறங்குகின்றன. உடம்பு சரியில்லை என்றால் பத்தியமாகப் போடுகிற சாப்பாடு அது. நெய் விட்டுப் பிசைந்து கொடுத்து, "இதுகூட ஒத்துக்கலையா சாமி?" என்று கேட்பார்கள். நல்ல சாப்பாடுதான், அதில் சந்தேகமே இல்லை. மற்றவருக்கு நல்லதாக இருக்கிற அதே காரணத்தால், அதாவது பெருங்குடல் கிருமிகளுக்கு அது விருந்து என்பதால், இந்த ஒரு வயிற்றுக்கு ஆகவில்லை.

இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. "சாப்பிட்டது அப்படியே போயிருச்சுங்க" என்பார்கள். அப்படிப் போவதில்லை. வயிற்றுக்குள் சோறு விழுந்ததும் பெருங்குடல் தானாகச் சுருங்கி, முன்பே அங்கிருந்ததைத் தள்ளும். எல்லோருக்கும் நடப்பதுதான். இவர்களுக்கு அது முரட்டுத்தனமாக நடக்கிறது, எண்ணெயும் கொழுப்பும் தூக்கலாக இருந்தால் இன்னும் மோசம். இப்போது வெளியே போனது நேற்றையது. இப்போது தின்றதிலுள்ள ஃபிரக்டான் பெருங்குடலுக்குப் போய்ச்சேர நாலைந்து மணி நேரமாவது ஆகும். மத்தியானம் தின்ற வெங்காயத்துக்குச் சாயங்காலம் குடித்த டீ பழி சுமக்கிறது. சாயங்காலம் டவுன் ஹால் பக்கம் தள்ளுவண்டியில் தின்ற காளானுக்கு மறுநாள் காலை இட்லி பழி சுமக்கிறது. அந்தக் காளான் ஒரு தனிப் பிறவி. உண்மைக் காளான் கொஞ்சம், முட்டைக்கோஸ் நிறைய, மைதா, எண்ணெயில் பொரித்து, மேலே பச்சை வெங்காயம். எரிச்சல் குடலைக் கிளப்பிவிட ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்தாலும் இதைவிடப் பொருத்தமாகச் செய்திருக்க முடியாது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

ஆகவே ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதிவைக்காமல் யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க வழியில்லை.

எண்ணெயில் இறங்குவதும் தண்ணீரில் இறங்குவதும்

சமையலறையில் பெரிய விடுதலை ஒன்று இருக்கிறது. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டைத் தட்டிக் கடலெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, அதை அப்படியே எடுத்து எறிந்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை வரும், வம்பு வராது. தண்ணீர் ஊற்றும் முன்பே எடுத்துவிட வேண்டும். கொதிக்கிற குழம்பில் முழுப் பூண்டைப் போட்டுவிட்டு, சாப்பிடும்போது தட்டோரம் ஒதுக்குவதால் பிரயோசனமில்லை, அதற்குள் குழம்பில் இறங்கியிருக்கும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி தாராளமாகப் போடலாம், வெள்ளைப் பகுதி வேண்டாம். பெருங்காயம் கைகொடுக்கும். கடையில் விற்கும் பொடியில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்றாலும், சிட்டிகை அளவுக்கு அது பெரிய விஷயமில்லை.

கொள்ளு விஷயம் இன்னும் சுவாரசியம். ராத்திரி ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பங்கு போய்விடும். வேகவைக்கும்போது இன்னொரு பங்கு வேகவைத்த தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரைத்தானே நாம் கொள்ளு ரசம் வைக்கிறோம்! ரசம் லேசானது, கடைசல் கனமானது என்று எல்லோரும் நினைக்கிறோம். ஐ.பி.எஸ். கணக்கில் பார்த்தால், ஊறிய தண்ணீரையும் வெந்த தண்ணீரையும் இறுத்துவிட்டுக் கடைந்த கொள்ளு இரண்டு கரண்டி, ஒரு டம்ளர் கொள்ளு ரசத்தைவிடச் சாதுவாக இருக்க வாய்ப்புண்டு. சத்து வீணாகிறதே என்று அம்மிச்சி திட்டுவார். திட்டட்டும்.

அரிசி நம் பக்கம் நிற்கிறது. ஃபாட்மேப் அதில் இல்லாததுபோலத்தான். சந்தகை, இட்லி, நொய்க்கஞ்சி எல்லாம் தைரியமாகச் சாப்பிடலாம். இட்லி மாவு புளிக்கும்போது உளுந்திலுள்ள சர்க்கரைகளும் குறைகின்றன. நிலக்கடலை பரவாயில்லை, முந்திரிதான் வம்பு. வாழைப்பழத்தில் ஒரு நுணுக்கம்: தோல் கறுத்துக் கனிந்ததில் ஃபிரக்டான் கூடுதல், கெட்டியாக இருக்கும்போதே சாப்பிட்டால் குறைவு.

பால் பற்றி இரண்டு வரி போதும். வளர்ந்தபின் லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துபோவது தென்னிந்தியரிடம் சர்வ சாதாரணம். ஆனாலும் ஒரு வேளைக்கு 12 கிராம்வரை, அதாவது ஒரு பெரிய டம்ளர் பாலில் உள்ள அளவைப் பெரும்பாலானோர் தாங்குவார்கள். டீயில் விடும் பால் அதைவிடக் குறைவுதான். மோருக்கும் பயப்பட வேண்டாம்.

நார்ச்சத்து என்று ஒன்றில்லை

"நார்ச்சத்து நெறையச் சாப்பிடுங்க" என்பது எல்லா டாக்டரும் வாசல்வரை வந்து சொல்கிற வாக்கியம். பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரிதான், ஆனால் நார்ச்சத்து என்ற ஒரே பேருக்குள் சுபாவமே ஒத்துப்போகாத இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று தண்ணீரில் ஊறி வழவழவென்று கூழாகிறது. இன்னொன்று தவிடு மாதிரி, கரையாமல் குடல் சுவரை உரசிக்கொண்டு போகிறது.

நெதர்லாந்தில் 275 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து 12 வாரம் சோதித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு தினம் 10 கிராம் இசப்கோல் உமி, ஒன்றுக்குக் கோதுமைத் தவிடு, ஒன்றுக்கு ஒப்பீட்டுக்காக வெறும் அரிசி மாவு. 2009-இல் முடிவு வெளியானது. இசப்கோல் கூட்டத்துக்குக் குணம் தெரிந்தது. தவிட்டுக் கூட்டத்தில்தான் அதிகம் பேர் நடுவிலேயே விலகினார்கள், தொல்லை கூடிப்போனது முக்கியக் காரணம். 2021-இல் அமெரிக்கக் குடல் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: கரையும் நார் உதவும், கரையாத நார் உதவாது.

இப்போது நம் ஊர் ஆரோக்கியக் கடைகளை நினைத்துப் பாருங்கள். தவிட்டு பிஸ்கட், கோதுமைத் தவிடு, தவிடு நீக்காத சிறுதானியத்தில் ஏழெட்டைக் கலந்த கஞ்சி மாவு, அதில் பாதிக்குப் பாதி பயறு. மலச்சிக்கலுக்கு என்று வாங்கிப்போய், வாரத்தில் வயிறு பானையாகி, "எனக்கு நார்ச்சத்தே ஆகறதில்ல" என்று முடிவுகட்டுகிறார்கள்.

இசப்கோலையும் தப்பாகச் சாப்பிட நமக்குத் தெரியும். ராத்திரி சூடான பாலில் இரண்டு பெரிய கரண்டி. பாலும் சேர்ந்து, முதல் நாளே முழு அளவும் இறங்கினால் காற்று பிடிக்கத்தான் செய்யும். தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டியில் தொடங்கி, மூன்று நான்கு நாளைக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கலக்கியதும் கெட்டியாகுமுன் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இது வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கழிச்சல் உள்ளவருக்கும் இது உதவும் என்பதைப் பலரும் நம்பமாட்டார்கள். தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துவைப்பதுதானே அதன் வேலை, இளகலைக் கெட்டியாக்கவும் கெட்டியை இளக்கவும் அதே குணம் போதும்.

டம்ளருக்குள் என்ன இருக்கிறது

கொங்கு நாட்டில் மசாலாச் சாமானுக்குச் செலவு என்று பேர். மல்லி, சீரகம், மிளகு, சுக்கு என்று எல்லாம் தட்டிப்போட்டு வைப்பது செலவு ரசம். பிள்ளை பெற்றவளுக்கும் சளி பிடித்தவருக்கும் வயிறு கெட்டவருக்கும் அதே ரசம். சாயங்காலம் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு சுக்குக் காபி விற்க வருகிறவரும் கிட்டத்தட்ட அதே சாமான்களைக் கருப்பட்டியோடு சேர்த்துத்தான் தருகிறார். பேர்தான் காபி, காபிக்கொட்டை கிடையாது, ஆகவே கெஃபீனும் கிடையாது. காபி குடித்தால் ஓட வேண்டியிருக்கிறவருக்கு அதுவே பெரிய லாபம்.

ஆனால் சுக்கு ஐ.பி.எஸ்.ஸைக் குணப்படுத்துமா? குமட்டலுக்கு இஞ்சி நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஐ.பி.எஸ்.ஸுக்கு இஞ்சியைச் சோதித்த சிறிய ஆய்வொன்றில் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட அது மேலாகத் தெரியவில்லை. சூடான ஏதோ ஒன்று வயிற்றில் இறங்குவதால் வரும் இதம் நிஜம், அதற்குமேல் உரிமை கொண்டாட வேண்டாம்.

நன்றாகச் சோதிக்கப்பட்ட மூலிகை என்றால் பெப்பர்மின்ட் எனப்படும் மிளகுப்புதினாதான். அதிலிருக்கும் மென்தால், குடல் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது. ஆனால் சோதித்தது எண்ணெயை. இரைப்பையில் கரையாத உறையிட்ட மாத்திரையாக. அதிலும் எல்லா ஆய்வும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. 2020-இல் நெதர்லாந்தில் நடந்த ஒன்று தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. உழவர் சந்தையில் கட்டு கட்டாகக் கிடைக்கிறதே புதினா, அது பெரும்பாலும் வேறு வகை. அதன் வாசனை கார்வோன் என்ற பொருளுடையது, மென்தால் சொற்பம். ஆகவே புதினா டீ குடித்துவிட்டு மாத்திரையின் பலனை எதிர்பார்க்கக் கூடாது. பிடித்திருந்தால் குடிக்கலாம், கெடுதல் இல்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மட்டும் மிளகுப்புதினாவிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், உணவுக்குழாயின் அடிவாசலையும் அது தளர்த்திவிடும்.

சாப்பிட்டபின் நாலு சோம்பு மெல்லுகிறோமே, அது சரி. சோம்பை நெடுநேரம் கொதிக்கவைத்து டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு. அந்தச் சாற்றில் ஃபிரக்டான் இறங்கிவிடுகிறது என்று மோனாஷ் அளந்து சொல்லியிருக்கிறது. காமமைல் டீக்கும் அதே தீர்ப்பு. உப்பசத்துக்கென்று குடிக்கிற தண்ணீரே உப்பசத்தைக் கொண்டுவரும் கூத்து இது. எனக்கு இதில் ஒரு வருஷம் போயிருக்கிறது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது 'வயிறு சுத்தமாகும்' என்று பொட்டலத்தில் எழுதி விற்கிற மூலிகை டீக்கள்தான். பின்பக்கம் பொடி எழுத்தில் நிலவாகையோ சென்னாவோ இருக்கிறதா பாருங்கள். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, 'டின்னவெல்லி சென்னா' என்று உலகமெல்லாம் பேர் வாங்கிய இலை அது. பேதி மருந்து. எப்போதாவது நல்லதுதான். தினமும் டீயாகக் குடித்தால் இழுவலியும் கழிச்சலும் வரும், பெருங்குடலின் உள்சுவரே கறுத்துப்போகும். இன்னும் சிலதில் அதிமதுரம் தூக்கலாக இருக்கும். நாள்பட அதிகமாகக் குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கிவிடும். மூலிகைதானே என்று சொல்லிக்கொண்டு அம்மாக்களும் அப்பாக்களும் பிரஷர் மாத்திரையோடு சேர்த்து இதையும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சோறு மட்டும் காரணமில்லை. திருப்பூரில் ஷிப்மெண்ட் நெருங்கும் வாரத்தில் வயிறு பிடிக்காத மேனேஜர் யார்? சோமனூர்ப் பக்கம் ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டுகிறவருக்குக் குடலின் நேரம் ஒன்று, சாப்பாட்டின் நேரம் வேறொன்று. உணவு மாற்றி ஒன்றும் நடக்காதபோது டாக்டர்கள் அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் எழுதுவது உண்டு. வீட்டுக்கு வந்து அது மனச்சோர்வு மாத்திரை என்று படித்துப் பதறி நிறுத்திவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 463 பேரிடம் சோதித்து 2023-இல் வெளியான ஆய்வில், வெறும் மாத்திரையைவிட அது தெளிவாக உதவியது. குடல் நரம்பின் சத்தத்தைக் குறைக்கத்தான் தருகிறார்கள், உங்களைப் பைத்தியம் என்று சொல்லவில்லை.

எடுப்பது பாதி வேலை

ஃபாட்மேப் பட்டியலைப் படித்தவர்கள் செய்கிற பெரிய தப்பு, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அப்படியே வருஷக்கணக்கில் இருந்துவிடுவது. வெறும் சோறு, ரசம், வெள்ளரிக்காய். விசேஷ வீட்டுப் பந்தியில் உட்காராமல் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார்கள். அந்த முறையை உண்டாக்கியவர்களே முழுக் கட்டுப்பாட்டுக்குக் கொடுத்த கெடு 2 முதல் 6 வாரம்தான். வெங்காயமும் பயறும் குடலிலுள்ள நல்ல கிருமிகளுக்குத் தீனி, வெகுநாள் நிறுத்தினால் அவை மெலிந்துபோகும். ஆறு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் உங்கள் வியாதிக்கு இது வழியில்லை, பழையபடி சாப்பிடலாம். மாற்றம் தெரிந்தால், ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் ஒரு பொருள், மூன்று நாள் அளவைக் கூட்டிக்கொண்டே போய்விட்டு மீதி நாள் ஓய்வு. அந்த வாரத்தில் வேறெதையும் மாற்றக் கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் உணவு ஆலோசகர் துணையில்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

நான் துவரம்பருப்பில் தொடங்கினேன். அரை கரண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு கரண்டிக்கு உப்பசம். பால் டீ நாலுவரை தாங்கியது. பூண்டு இன்றுவரை ஆகவில்லை, எண்ணெயோடு சரி. சின்ன வெங்காயத்தை ஆகக் கடைசியில் எழுதி வைத்திருந்தேன். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் மூன்று, மூன்றாம் நாள் ஆறு. அந்த ஆறு என்னை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டது. அடுத்த மாதம் நாலில் நிறுத்திப் பார்த்தேன், சத்தமில்லை. இப்போது அம்மிச்சி வீட்டுக்குப் போனால், அரிசிம்பருப்புக்கு வெங்காயம் உரிக்கிறபோதே என் பங்கு நாலைத் தனியாக எண்ணி, கிண்ணத்தில் போட்டு வைத்துவிடுகிறார்.